தொடுவாயில் நிற்கிறவன்

1
இந்தக் கதை ஓர் ஏச்சில் பிறந்தது. லூசியானாவில் இறால் போட்டில் வேலை செய்யும் றெனால்ட், மன்னாரில் இருக்கும் தன் சித்தி மகள் ஜெனிஸ்ராவுக்கு வட்ஸ்அப்பில் ஏசினான். அமெரிக்கா என்றால் உங்களுக்கு உயரக் கட்டிடம்தான், இங்கே சேறும் இறாலும் மாதா கோயிலும் என்றான். கதை எழுதுகிறவள் சும்மா இருப்பாளா? அவனையே வைத்து ஒன்று தொடங்கினாள்.

"மிசிசிப்பி ஆறு கடலில் சேருமிடத்தில், ஒவ்வொரு வருடமும் நிலம்

(வேண்டாம். பாடப்புத்தகம் மாதிரிக் கிடக்கிறது.)

2
அந்த மாநிலம் அவளைப் படாதபாடு படுத்தியது. அங்கே மாவட்டத்தைப் 'பாரிஷ்' என்கிறார்கள், கோயில் பங்குக்குச் சொல்லும் அதே சொல். 'பங்கு' என்றே எழுதினாள். மன்னாரிலேயே ஓலைத்தொடுவாய் என்ற ஊரில் இருக்கும் பெரியம்மா பெற்றிசியாவுக்கு, அதாவது றெனால்டின் தாய்க்கு, வாசித்துக் காட்டினாள். பங்குச் சுவாமி யார் என்று கேட்டாள் பெரியம்மா.

ஆங்கிலேயர் கனடாப் பக்கமிருந்து துரத்த, கப்பலேறி அங்கே வந்த பிரெஞ்சுச் சனத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. பெரியம்மா தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தவள். அவர்களும் அகதிகள்தானே, ஒரு வரி காணாதா என்றாள். ஜெனிஸ்ரா பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள்.

3
அடுத்தது 'பையூ'. (வாசகரே, ஆறுமில்லாமல் வாய்க்காலுமில்லாமல், கடலுக்குப் போக மனமில்லாமல் சேற்றில் கிடக்கும் தண்ணீருக்கு உங்களிடம் தமிழ் இருந்தால் தாருங்கள்.) கடைசியில் அலுத்துப்போய் 'தொடுவாய்' என்று போட்டாள். கடல் உள்ளே வந்துபோகிற வாய். கிட்டத்தட்டச் சரி.

4
இந்தப் பகுதி அவள் நினைத்த கதையில் இல்லை. அங்கே உண்மையிலேயே புயல் அடித்தது. றெனால்டின் போட் திரும்பவில்லை. தேடினார்கள், உடலும் கிடைக்கவில்லை. ஆத்ம இளைப்பாற்றிப் பூசை வைப்போம் என்று சொந்தக்காரர் சொல்ல, பெரியம்மா மறுத்துவிட்டாள்.

முடிவு ஒன்று: றெனால்ட் பிளேனில் வந்து இறங்குகிறான். (பொய்.)

முடிவு இரண்டு: றெனால்டை அந்தக் கடல்

(எழுதிப் பார்த்தாள். கை வரவில்லை.)

5
போன ஞாயிறு பூசை முடிய ஓலைத்தொடுவாய்க்குப் போய், கதையைக் கைவிடப்போவதாகச் சொன்னாள். எழுதினமட்டும் வாசி என்றாள் பெரியம்மா.

"றெனால்ட் தொடுவாயில் போட்டைக் கட்டிவிட்டுக் கரையில் குந்தினான்."

பெரியம்மா வாசலைப் பார்த்தாள். "தொடுவாயிலதானே நிக்கிறான். அப்ப ஏன் வீட்டை வரேல்ல?"

ஜெனிஸ்ராவுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஊரையே சுருக்கித் தொடுவாய் என்றுதான் இங்கே சொல்வார்கள். இதை எப்படி யோசிக்காமல் விட்டாள்? அது இந்த இடமில்லை, லூசியானாவில் ஒரு தண்ணீர் என்று விளக்கத் தொடங்கினாள்.

"தெரியும் பிள்ளை, எனக்கொண்டும் விசரில்லை," என்றாள் பெரியம்மா. "அந்தச் சொல்லை மட்டும் மாத்தாத. அவன் அதில நிக்கட்டும்."

6
ஆகவே முடிவு கிடையாது. கேட்டு அவளுக்கு அலுப்புத் தராதீர்கள். வேண்டுமென்றால் வாசகரே, மிச்சத்தை நீங்களே எழுதுங்கள். பையூ என்று மட்டும் திருத்த வேண்டாம். அவள் விட்ட இடம் இது:

றெனால்ட் தொடுவாயில் போட்டைக் கட்டிவிட்டுக் கரையில் குந்தினான். பிறகு எழும்பி,