சன்ன இழை

பிச்சைமணியின் கடை மாடிக்குப் போகும் மரப்படி ஒருவர் மட்டும் ஏறுகிற அகலம். வெங்கிடேஸ்வரன் திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஏறினார். அவர் மனைவி திரிபுரசுந்தரி இரண்டு படி விட்டுப் பின்னால் ஏறினாள். பஸ்ஸிலும் அவர் ஆண்கள் பக்கம், இவள் பெண்கள் பக்கம். சுள்ளிக்கல்லிலிருந்து மட்டாஞ்சேரி வரை இருவருக்கும் பேச வேண்டியிருக்கவில்லை. உடைத்த கப்பல்களின் சாமான்களும் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் பொருள்களும் அந்த மாடியில்தான் இருந்தன. அவர் வாங்க வந்தது துப்பாக்கிக்கு ஒரு டெலஸ்கோப். அவளை அழைத்துவந்தது, சர்வே ஆபீஸில் படம் வரைகிறவள், அங்கே உள்ள கருவிகளைக் கையாண்டு பழகியவள் என்பதற்காக. "ஸ்க்ரூ இறுக்கமா இருக்கான்னு பாத்துச் சொல்லு. மத்ததொண்ணும் சொல்ல வேண்டா" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

துப்பாக்கியும் லைசென்ஸும் அவருடையவை. தேயிலை ஏலக் கம்பெனியில் தலைமை குமாஸ்தாவாக ஆன வருஷம் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எர்ணாகுளத்து கிளப்பில் குப்புறப் படுத்து, ஐம்பது கஜத்துக்கு அப்பால் உள்ள அட்டையின் கறுப்புப் புள்ளியைச் சுடுவார். ஒருநாள் தமாஷுக்கு இவளையும் படுக்கச் சொன்னார். அவள் முழங்கையைச் சரியாக ஊன்றக் கற்றுக்கொண்டாள், மூச்சை நிறுத்தக் கற்றுக்கொண்டாள், அடுத்த வருஷம் அவளுடைய அட்டை அவருடையதைவிட நன்றாக இருந்தது. கிளப் காரியதரிசி இரண்டு அட்டைகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் குத்திவைத்தார். அன்றிலிருந்து வெங்கிடேஸ்வரன் துப்பாக்கி சுடத் தேவையான போல்ட்டைத் தனியாகக் கழற்றித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். விருந்தாளிகள் வந்தால், "ஆத்துல தோசை வட்டமா வராது. அங்கே மட்டும் வட்டத்துக்கு நடுவுல போய் விழும்" என்று சிரிப்பார். "தோசை சுட்டா யாரும் கப்பு தரமாட்டா" என்பாள் அவள். விருந்தாளிகள் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருஷம் மாநிலப் போட்டியில் டெலஸ்கோப் வைத்துச் சுடுவதற்கும் ஒரு பிரிவு இருந்தது. ஒரு துப்பாக்கிக்கு ஒரு பெயர்தான் அனுப்பலாம் என்பது கிளப்பின் சட்டம். திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் பெயர் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அவர் எழுப்பவிடவில்லை. அந்தப் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் அவளுக்கு. துறைமுகத்தின் ஆழங்களையெல்லாம் அவள் கைதான் வரைந்திருந்தது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கையெழுத்து இன்ஜினியருடையது. கிளப் அட்டை ஒன்றில்தான் அவள் பெயர் அவள் செய்த காரியத்துக்கு மேலே எழுதப்பட்டிருந்தது.

"வாங்க சாமி. மாமியும் வந்திருக்காவளா" என்றான் பிச்சைமணி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். "ரெண்டு கெடக்கு. இது தடிச்ச கம்பி. இது சன்னம், ரொம்பச் சன்னம். ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரன் பெட்டியோட குடுத்துட்டுப் போனான்."

டெலஸ்கோப்பின் கண்ணாடிக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரண்டு இழைகள்தான் விஷயம். அவை சந்திக்கிற இடத்தைப் புள்ளியில் வைத்துச் சுட வேண்டும். இழை தடித்தால் புள்ளியையே மறைத்துவிடும். வெங்கிடேஸ்வரன் முதல் குழலை ஜன்னலுக்கு எடுத்துப்போய், காயலுக்கு அக்கரையில் கட்டியிருந்த கப்பலைப் பார்த்தார்.

"இது பன்னிக்காக்கும். புள்ளிக்கு ஆகாது."

"பன்னி சுடுதவங்களும் வாராங்க சாமி. அவங்க இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க."

இரண்டாவதை எடுத்தார். அதை நெடுநேரம் கண்ணில் வைத்திருந்தார். கண் வைக்கும் பக்கத்து வளையத்தை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். இடக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் குழலை இத்தனை நேரம் பார்க்கவில்லையே என்று திரிபுரசுந்தரி கவனித்தாள்.

"எப்பிடி சாமி? நூலு தெரியுதா?"

"நன்னாத் தெரியறது. பேஷா இருக்கு."

அவள் கையை நீட்டினாள்.

"நோக்கெதுக்கு? ஸ்க்ரூவைப் பாரு, போறும்."

"ஸ்க்ரூவைத் திருகினா உள்ளே அசையறதான்னு பாக்கணுமே" என்று வாங்கிக்கொண்டாள்.

வட்டத்துக்குள் கப்பலின் வெள்ளைச் சுவர் வந்தது. பெயரின் எழுத்துகள் வந்தன. கயிற்றில் காய்ந்த யாருடைய பனியனோ வந்தது. எல்லாம் கழுவிவைத்ததுபோலத் தெளிவு. குறுக்கே ஒன்றுமில்லை, நெடுக்கேயும் ஒன்றுமில்லை. அவள் வளையத்தைத் திருகினாள். வட்டத்தின் ஓரத்தில், கண்ணிமை மயிர் ஒன்று உதிர்ந்து ஒட்டியதுபோல, இழையின் அறுந்த நுனி கிடந்தது. ஆபீஸ் கருவிகளில் இப்படி அறுந்துபோவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பழுதுபார்க்கிற செல்லப்பா சிலந்தி நூலை அட்டையில் சுற்றி வைத்திருப்பார். புதிதாகப் போட்டுத் தந்துவிடுவார்.

ஆக, இவர் பொய் சொல்லியிருக்கிறார். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இழையே இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பிச்சைமணி அதைப் பஜார் முழுவதும் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு உதட்டுக்கு வருமுன் மற்றது புரிந்தது. இல்லாததைத் தெரிகிறது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? இருக்கிறது, தன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் இரண்டு கண்ணும் போய், பாலக்காட்டு வீட்டில் சுவரைத் தடவித் தடவி நடந்தார். அதைப்பற்றி வெங்கிடேஸ்வரன் பேசியதே இல்லை. அவருக்கு இப்போது நாற்பத்தேழு. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. பூட்டிய இழுப்பறை அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"தலைமயிரைவிடச் சன்னம்" என்றாள் குழலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கப்பல் பேர்ல மூணாவது எழுத்தை நேர் பாதியா வெட்டிண்டு போறது. இத்தனை தெளிவா நான் பாத்ததே இல்லை."

"அதைத்தானே நானும் பறஞ்சேன்" என்றார் அவர். "குடு, இன்னொரு தடவைகூடப் பாக்கட்டும்."

இந்தத் தடவை அவர் பார்த்தது கப்பலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. குழலை ஆகாயத்துக்குத் தூக்கினார். வலக்கண், பிறகு இடக்கண், மறுபடி வலக்கண். பிறகு பெட்டியை மூடி, பிச்சைமணி சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். பேரம் பேசத் தயாராக உட்கார்ந்திருந்த பிச்சைமணிக்கு ஏமாற்றமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில். சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று போக வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது, அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"கிளப்புல உன் பேரை எழுதிக் குடு."

"ஏனாம்?"

"ஏன்னு கேக்கறதுக்குத்தானே காத்துண்டிருந்தாய். ஆபீஸ்ல கணக்கு முடிக்கற சமயம், நேக்கு ஒழிவில்லை."

"போல்ட்டு?"

"சாவி தரேன். தோத்துட்டு வந்தா ஆத்துக்குள்ள கேறாதே."

"ஜெயிச்சா?"

பஸ் வந்தது. அவர் முன்பக்கம் ஏறினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, கேட்டது கிடைத்துவிட்டது என்று அவள் தனக்குள் சொல்லிப்பார்த்தாள். இப்போதும் சொல்லிவிடலாம். எழுந்து நாலு இருக்கை தள்ளிப்போய், இழை அறுந்திருக்கிறது, உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால் தீர்ந்தது. அதோடு கிளப்புக்கு அவர் பெயர்தான் போகும். சொல்லாமலிருக்க ஒரு நியாயம் வேண்டுமே என்று தேடினாள்; கேட்காமலே ஏழெட்டு வந்தன, ஒவ்வொன்றும் அவர் வாயாலேயே சொன்ன வார்த்தை. சுள்ளிக்கல்லில் இறங்கும்போது அவர் படியைக் காலால் துழாவி இறங்கினார். நேற்றுவரை அப்படி இறங்கியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறைச் சாவியை அடுக்களை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திங்கட்கிழமை ஆபீஸில் செல்லப்பாவிடம் கொடுக்கக் குழலைப் பழைய துண்டில் சுற்றினாள். சுற்றியதைப் பையில் வைக்கப் பின்கட்டுக்கு வந்தவள் நிலைப்படியில் நின்றாள்.

வெங்கிடேஸ்வரன் கிணற்றடியில் ஈர வேஷ்டியோடு நின்றிருந்தார். தோளிலிருந்து பூணூலை இழுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் விறைப்பாகப் பிடித்து, ஆகாயத்துக்கு நேரே உயர்த்தியிருந்தார். ஒரு கண் மூடியிருந்தது. அவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"அது என்ன சன்னம் இருக்கும்?" என்றார். "இதுல பாதி இருக்குமோ?"

அவள் துண்டின் முடிச்சை இறுக்கினாள்.

"பாதியா? இதுல ஒரு பிரி பிரிச்சா, அதுல நாலுல ஒண்ணு."

அவர் தலையை ஆட்டினார். நூலை முகத்திலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே போனார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கை நீளுமிடம் வரை நீண்டது. நனைந்த நூல் தோளை அறுத்து இழுத்துக்கொண்டு நின்றது. அவர் மற்றக் கண்ணையும் மூடினார்.