கிணற்றில் ஊறி வந்த மாப்பிள்ளை

சிமென்ட் விலை மறுபடி ஏறிய வாரத்தில், ரோடு போடும் ரோலர் ஓட்டுகிறவர் மழையோடு மழையாக மண்ணுக்குள் இறங்கிப் போனார். மேலே மிச்சம் கிடந்தவை செருப்பும் சாவிக்கொத்தும் பெல்ட் கொக்கியும்தான். தண்ணீர் உள்ளே போகும்போது சருகை வெளியே விட்டுவிட்டுப் போகுமே, அந்த மாதிரி.

அவருடைய மாமனார் சரிவு நிலத்தைக் கயிறு பிடித்து அளந்து இரண்டு மகள்களுக்கும் சரிபாதியாகக் கொடுத்தவர். நீள அகலம் பார்த்தாரே ஒழிய, மண்ணைக் கையில் அள்ளிப் பார்க்கவில்லை. மூத்தவளுக்கு வந்த மேல்பாதி செம்மண். எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். தையல்காரியான இளையவளுக்கு வந்த கீழ்பாதி களிமண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், முதல் மழையை மடமடவென்று குடிக்கும், பிறகு வயிறு உப்பி வாயை மூடிக்கொள்ளும். நடுவே பாய் அகலத்துக்குப் பருமணல். அதில் ஒரு குடத்தைக் கவிழ்த்தாலும் ஈரம் தெரியாது. மூத்தவளின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோலரை வீட்டுக்கே ஓட்டிவந்து, முற்றம் போடுகிறேன் பேர்வழி என்று மேல்பாதியை நாள் முழுக்க நசுக்கினார். தட்டினால் தகரம்போலச் சத்தம் கேட்டது. அடுத்த மழையின் துளிகள் உள்ளே போக வழி தேடிப் பார்த்துவிட்டு, கூட்டம் சேர்ந்து கீழே நடந்தன. மணல் முடிந்தவரை குடித்தது. மிச்சத் தண்ணீர் தையல்காரியின் வீட்டுக்குள் புகுந்து, மிஷினை மிதித்து, ஒரு சட்டையின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் போனது. தையல் கோணல்.

அதைக்கூடப் பொறுக்கலாம். மண்சுவர் அடியில் கரைந்திருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். தையல்காரி மேலே ஏறிப் போனாள்.

"மாமா, முத்தத்தக் கொத்தி விடுங்க. செவுரு விழுந்தா நான் புள்ளையத் தூக்கிட்டு எங்க போவேன்?"

"தண்ணி வானத்துலருந்து வருதும்மா. வானத்துகிட்ட போய்க் கேளு."

"வானம் எனக்கு அக்கா புருஷன் இல்லையே!"

தண்ணீர் வானத்திலிருந்துதான் வருகிறதென்று நிரூபித்தே தீர, அடுத்த மழையில் அவர் குடையில்லாமல் போய் மணலில் நின்று, மேலே விரலைக் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் மணலுக்குள் போனது. தொப்பை போனது.

"என்னங்க, உக்காந்துட்டீங்களா?" என்றாள் மனைவி வாசலிலிருந்து.

"உக்காரலடி, உறிஞ்சுது!"

கடைசியாகப் போனது அந்த விரல். அப்போதும் அது வானத்தைத்தான் காட்டியது.

கிணறு வெட்டுகிறவர் வந்து பார்த்தார். மணலில் சர்ரென்று போயிருப்பார், அடியில் களி தட்டும், அங்கிருந்து பக்கவாட்டில் நழுவிக் கொழுந்தியாள் கிணற்றுக்கு வந்துவிடுவார், ஒரு வாரம் என்றார். போனவரின் பிடிவாதத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மூத்தவள் முற்றத்தை உடைக்கப் பார்த்தாள், கடப்பாரை வளைந்தது. மழைக்காலம் முழுக்கத் தையல்காரியின் சுவர் இரண்டு மூங்கிலில் சாய்ந்துகொண்டு நின்றது. கோடை பிறந்து ஒருநாள் காலையில் அவள் இறைத்த வாளி கனத்தது. எட்டிப் பார்த்தால், அக்கா புருஷன் வாளியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். தொப்பை மணலில் தங்கிவிட்டது. மீசைச் சாயம் சரளையில் தங்கிவிட்டது. அதட்டல் மொத்தமும் களியில் ஒட்டிக்கொண்டது. ஆள் தெளிவாக இருந்தார்.

"ஏம்மா, செவுரு நிக்குதா?" என்றார்.

அவர்தானா என்று மனைவி மச்சம் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

வெறுங்காலோடு அவர் மேலே ஏறிப் போன வழியெல்லாம் மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. மாலைக்குள் முற்றம் மறுபடி குடிக்கிற மண்ணாகிவிட்டது. ரோலர் வேலை போயிற்று. அவர் போட்ட புது ரோட்டில் மேலதிகாரியின் ஜீப் அச்சு வரை புதைந்ததும், மரியாதையாக மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். சுவருக்குப் புது அடித்தளம் அவரே கட்டினார், கல்லின் மேல் நின்றபடி.

இப்போது மேகம் கட்டினால் தையல்காரி மிஷினிலிருந்து எழுந்திருப்பதில்லை. "மாமா, ஒரு நடை போய்ட்டு வாங்க" என்று ஒரு குரல், அவ்வளவுதான். மூத்தவள் அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கதவுக் கொக்கியில் மாட்டுவாள். கீழ்த்தெருக்காரர்கள் அவரை இரவல் கேட்பதுண்டு. கொடுப்பாள், கயிற்றோடு.

"வடிய விட்றாதீங்க. மறுபடி ஊறி வர ரொம்ப நாளாகும்" என்பாள்.