சகலைக்குப் பிடிபடாத புகை

அக்காளைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவனும் ஒரே பஸ் டிப்போவில் மெக்கானிக்குகள். மூத்தவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ், இளையவனுக்கு ஆறுதான். ஆனால் பேர் வாங்கியது என்னவோ இளையவன்தான்.

ஒரு பஸ் வெள்ளைப் புகை விட்டபோது, டீசல் சரியாக எரியவில்லை என்று மூத்தவர் டீசல் பீச்சும் நாசில்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். இளையவன் புகையை முகர்ந்துவிட்டு, தித்திப்பு வாடை அடிக்கிறது, கூலன்ட் கலந்த ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்குகிறது என்றான். இன்ஜின் ஹெட்டைத் திறந்தால், தண்ணீர் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் பிய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அவன் 'புகை டாக்டர்'. மூத்தவரின் மனைவியே அந்தப் பேரை வீட்டில் பெருமையாகச் சொன்னாள். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு பஸ் வந்தது. சும்மா ஓடினால் சுத்தம். மேடு ஏறினால் கரிக்கரியாய்ப் புகை. பின்னால் வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள் என்று டிரைவர் புலம்பினார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு இளையவனிடம் கொடுத்தார். டீசல் கூடுதல், இல்லாவிட்டால் காற்று குறைச்சல் என்றான் அவன். ஏர் ஃபில்டரை மாற்றினான். டிரைவரை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டுப் புகையைப் பார்க்கப் பின்பக்கம் போனான்.

மூத்தவர் இன்ஜின் ஓரமாகக் கை துடைத்துக்கொண்டு நின்றார். ஃபில்டரிலிருந்து டர்போவுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸ், இன்ஜின் இழுத்த இழுப்பில் கன்னம் ஒட்டியதுபோல் சப்பிப்போய்க் காற்றை அடைத்தது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பழையபடி உப்பிக்கொண்டது. இன்ஜினை நிறுத்திவிட்டுத் தேடினால் அதில் ஒரு குறையும் தெரியாது.

அவர் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் இளையவன் தலையைப் பிய்த்துக்கொண்டான். நாசில் மாற்றினான், வால்வு இடைவெளி பார்த்தான். புகை குறைந்தபாடில்லை. டாக்டருக்கே காய்ச்சலா என்று யாரோ கேலி செய்தார்கள். மூத்தவருக்கு உள்ளுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாளும் நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் காலை, அத்தனை பேர் முன்னாலும் இளையவன் அவரிடம் வந்தான்.

"அண்ணே, எனக்குப் பிடிபடல. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

அவர் சம்பிரதாயத்துக்கு அங்கே இங்கே தட்டிப் பார்த்தார். பிறகு ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லி, ஹோஸைக் காட்டினார். கழற்றினால் உட்பக்க ரப்பர் உரிந்து தொங்கியது. புதிது மாட்டியதும் புகை நின்றது.

இளையவன் பழைய ஹோஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மொத நாளு நீங்க இந்தப் பக்கம்தானே நின்னீங்க?"

"கவனிக்கல."

அவன் தலையை ஆட்டினான். நேரே மேஸ்திரியிடம் போய், அண்ணன் இல்லாவிட்டால் நான் டீசல் பம்ப்பையே இறக்கியிருப்பேன் என்று சொன்னான்.

சாயங்காலம் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி போன் பண்ணினா. அவ வீட்டுக்காரர் உங்களப் பத்தியே பேசிட்டிருக்காராம்."

பதினெட்டு வருஷமாக அவர் கேட்க ஏங்கிய பேச்சு. ஆனால் அவன் இடத்தில் நாம் இருந்திருந்தால் இன்ஜினையே இறக்கியிருப்போமே தவிர, அவன் முன்னால் போய் அப்படி உதவி கேட்டு நின்றிருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். அதிலும் அவன்தான் ஒரு படி மேலே என்று நினைத்தபோது, வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.