பெருக்கிய தடம்

"ஓநாய்க்கு இம்மாம் பரிஞ்சு பேசுறியே, அது இன்னா உன்னைக் கட்டிக்கப் போற பாவாவா?" என்று கௌரியம்மாள் ஒருநாள் எல்லம்மாளைக் கேட்டாள். கிணற்றடிப் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். குட்டிகள் வளரும்வரைதான் அது ஆட்டில் வாய் வைக்கும், பிறகு முயலைத் தேடிப் போய்விடும் என்று எல்லம்மாள் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. பதின்மூன்று வயதுப் பெண், அதற்குப் பிறகு ஓநாயைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பேசாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருந்தது.

திருத்தணி மலைக்கு வடக்கே, பொதட்டூர்பேட்டைப் பாதையை ஒட்டிய கரட்டில், பாறைக்கடியில் ஓநாயின் பொந்து. விறகுக்குப் போனபோது பார்த்திருந்தாள். தாய் ஓநாய் தின்றுவந்த கறியைக் கக்கிப் போட, ஐந்து குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தின்றன. அவளுடைய நைனா கோதண்டத்தின் ஆட்டுக் கறி அது. யுத்தம் நடந்த அந்த வருஷத்து மாசியில் மட்டும் அவர் மந்தையில் நான்கு போயிருந்தது. பொந்து எங்கே என்று அவருக்குத் தெரிந்தால் ஒரு குட்டியும் மிஞ்சாது. தினமும் விடிந்ததும் போய், ஆவாரங்கிளையால் ஓநாயின் கால்தடங்களைப் பெருக்கிவிட்டு வந்தாள். வாசல் பெருக்கிப் பழகிய கை, ஒரு சருகையும் விடவில்லை.

கோதண்டம் தரையைப் பார்த்தே நடக்கிறவர். எட்டாம் நாள், சருகும் முள்ளும் கிடந்த கரட்டில் ஒரு முழ அகலத்துக்குச் சுத்தமான பாதை அவர் கண்ணில் பட்டது. காற்று இப்படிப் பெருக்காது. அதுவும் இடக்கை வீச்சு. அவர் வீட்டில் இடக்கையால் பெருக்குகிறவள் ஒருத்திதான். பாதையோடு நடந்தார். அது பொந்தின் வாயில் போய் முடிந்தது.

வீட்டுக்கு வந்து அவளை அடிக்கவில்லை. கூழ் குடிக்கச் சொன்னார். பிறகு மந்தை மேய்க்கும் சுப்பனையும் கண்ணையனையும் தடி எடுத்துவரச் சொல்லி, அவளையும் அழைத்துப் போனார். ஆளரவம் கேட்டுத் தாய் ஓநாய் ஓடிவிட்டது. பொந்து ஆண்பிள்ளைத் தோளுக்குக் குறுகல்.

"உள்ள போ. ஒண்ணொண்ணா எடுத்துக் குடு," என்றார். "உன்னைக் கடிக்காது. தெனம் வாசல் பெருக்கினவளாச்சே."

சுப்பன் சிரித்தான்.

தவழ்ந்து போனாள். உள்ளே புளித்த பால் வாடை. முதல் குட்டி அவள் விரலைச் சப்பியது. அதைக் கால்பக்கமாகத் தள்ளினாள். வெளியே தடி விழும் சத்தம் ஒருமுறை கேட்டது. அடுத்தது எங்கே என்று குரல் வந்தது. அப்படி நான்கு. ஐந்தாவது பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டது. தொட்ட கையை எடுத்துக்கொண்டு அவள் பின்னோக்கி ஊர்ந்து வந்தாள். ஆட்கள் போனபின் தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும்.

"தீந்துச்சா?"

"ஆங்."

"நல்லா பாத்தியா?"

"வேற இல்லீங்க நைனா."

இனி இங்கே எதுவும் குட்டி போடக்கூடாது என்று பொந்தை அடைக்கச் சொன்னார் கோதண்டம். மூன்று பேருமாக மேட்டிலிருந்த பாறையை நெம்பி உருட்டினார்கள். சொன்னால் தடி, சொல்லாவிட்டால் கல். அவள் வாயைத் திறப்பதற்குள் பாறை வந்து பொந்தை இறுக அடைத்துவிட்டது. சந்துகளில் சுப்பன் கல் செருகினான்.

உள்ளேயிருந்து மெல்லிய முனகல் வந்தது.

"ஒண்ணு இருக்குது நைனா," என்றாள் எல்லம்மாள். "கல்லை எடுங்க. அடிச்சுட்டாவது போங்க."

கோதண்டம் பாறையில் காதை வைத்துக் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மந்தையைப் பார்க்க இறங்கி நடந்தார்.