வயிரவன் செட்டியார் மேல் ஓடிய படங்கள்

சேவுகன் செட்டியார் பினாங்குத் தீவுக்கு வட்டிக்கடை பார்க்கப் போனவர். கடையைப் பார்த்ததாகத் தகவல் இல்லை. பதினான்கு வருஷத்தில் பதினோரு படம் எடுத்தார். கம்பெனி, கதை, நடிகர் எதுவும் கிடையாது. கையடக்கக் காமிரா ஒன்று, குடியிருந்த பலகை வீடு, அங்கேயே கட்டிக்கொண்ட அழகி. முதல் படத்தில் அழகி ஒன்பது நிமிஷம் தேங்காய் துருவுகிறாள். இரண்டாவதில் அதைப் பிழிகிறாள். தீவாயிற்றே, கடலைக் காணோமே என்று கேட்டேன்.

"அது வீட்டுக்கு வெளியில இருந்துச்சு ஆசாரி" என்றார்.

அழகி வேறு சாதி. பங்காளிகளுக்குப் பொதுவான கண்டனூர்ப் பெரிய வீட்டை அவள் மிதிக்கக் கூடாது என்று பங்காளி வயிரவன் செட்டியார் கடிதம் போட்டே தடுத்து வைத்திருந்தார். அறுபத்தெட்டாம் வருஷம் அவள் செத்துப்போனாள். படப்பெட்டிகளோடு ஊர் திரும்பிய சேவுகனுக்கு ஒரே பிடிவாதம்: உயிரோடு வர முடியாதவளைப் படத்திலாவது அந்த வீட்டுக்குள் நடக்க விட வேண்டும்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடினார்கள். முற்றத்துச் சுவரில் சேவுகன் பங்கு ஆறடி. அடுத்தது வயிரவன் அறை வாசல். வயிரவன் என்னைக் கூப்பிட்டு அளந்து சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார்.

"அவ நிழலு இந்தக் கோட்டத் தாண்டுச்சு, பொட்டியத் தூக்கித் தெருவுல வீசிப்புடுவேன்."

 சேவுகன் கோட்டின் மேல் காறித் துப்பினார்.

படம் காட்டும் மிஷினையும் அவரவர் பங்கில்தான் வைக்க வேண்டுமாம். சேவுகனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மூலை இருந்தது. அங்கிருந்து அடித்தால் படம் ஒன்பதடிக்கு விரியும். லென்ஸுக்கு முன்னால் ஒரு மரச் சக்கையைச் செருகி ஓரத்தை மறைத்தால் சரியாகிவிடும். தச்சன் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் படம் ஓடியது. இரண்டு படம் வரை அழகி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூன்றாவதில் மீன் சட்டியோடு எழுந்தாள். கோட்டைத் தாண்டி நேரே வயிரவன் வாசலை நோக்கி நடந்தாள்.

அந்த அறையில்தான் முன்னோர்களின் பேழை இருந்தது. எந்தப் பெண் அங்கே வலது காலை வைத்தாலும் அவள் வீட்டு மருமகள். பிறகு மாற்ற முடியாது. கல்யாணம் முடியும்வரை கதவைச் சாத்தவும் கூடாது. சாத்தினால் முன்னோர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். வயிரவன் பாய்ந்து போய் வாசலை மறித்துக் கைகளை விரித்து நின்றார். வெற்றுடம்பு, வெள்ளை வேட்டி. அழகி அவர் தொந்தியில் உட்கார்ந்து மீன் கழுவத் தொடங்கினாள்.

மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தானே போய் நிறுத்தலாம் என்றால் வாசல் காலியாகிவிடும்.

கூட்டத்திலிருந்து அவர் மனைவி தேனம்மை ஆச்சியின் குரல் வந்தது.

"செத்த இங்குட்டுத் தள்ளி நில்லுங்க. அவ மொகம் மடங்குது."

எட்டுப் படம் அவர் மேலேயே ஓடியது. நெஞ்சில் துணி காயப்போட்டாள். தோளில் பூனை படுத்திருந்தது. மீன் வாடை போக மூன்று தலைமுழுக்கு ஆயிற்று என்று ஆச்சி பிற்பாடு என்னிடம் சொன்னார். நான் கூட்டிச் சொல்கிறவன் அல்ல.

பதினோராவது படத்தில் வீடு மட்டும் இருந்தது. அணைந்த அடுப்பு. வெறும் கொடிக்கயிறு. வயிரவன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"எங்க அவ?"

"செத்துப்போனா. தந்தி அடிச்சேன். நீங்க ஒரு வரி எழுதல."

"இனிமே வரமாட்டால்ல?"

"இதுல வரமாட்டா."

வயிரவன் கைகளை இறக்கி விரல்களை நீவிக்கொண்டார். சேவுகன் மூன்றாவது சுருளை எடுத்து மறுபடி மாட்டினார்.

வயிரவனின் கைகள் தாமாகவே மேலே போயின. கல்யாணம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.