மாம்பழ புட்டிங்

அனுசுயாவின் அப்பா வேடியப்பன் செத்த மாடுகளின் எலும்பைச் சேகரித்து அரக்கோணத்துக் குடோனில் போடுகிறவர். அங்கிருந்து அது ஆலைக்குப் போகும். அமிலத்தில் ஊறி, சுண்ணாம்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் கிடந்து, வெந்நீரில் கரைந்து, வடிகட்டிக் காயவைத்தபின் வெளிறிய மஞ்சள் தூளாகும். அதுதான் ஜெலட்டின். மாத்திரைக் கூடு செய்வதும் அதில்தான், புட்டிங்கை உறைய வைப்பதும் அதுதான். கேட்டரிங் படிக்கும்போது தெரிந்துகொண்டதை அனுசுயா அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"நான் பொறுக்கற எலும்பையா துன்றாங்க? போம்மா" என்று சிரித்தார்.

படிப்பு முடிந்ததும் திருத்தணியில் குணசேகரனின் பேக்கரியில் சேர்ந்தாள். அவள் ஊர் நிலக்காரர் ஆதிகேசவன், தன் பேத்திக்குக் கிருத்திகையன்று மலையடிவார மண்டபத்தில் காதுகுத்து வைத்திருந்தார். சைவ விருந்துக்கு மாம்பழ புட்டிங் கேட்டிருந்தார்கள்.

"அண்ணா, விரத நாளு. ஜெலட்டின் வேணாம், கடல்பாசில செய்யலாங்க."

"அதுல இந்தத் தளதளப்பு வராது. யாருக்குத் தெரியப் போவுது? வேலையப் பாரு."

செய்தாள். மண்டபத்தில் பரிமாறவும் அவளையே அனுப்பினார் குணசேகரன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆதிகேசவனின் மனைவி சின்னம்மாள் கிண்ணத்தை எடுத்ததும் அனுசுயாவுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நீங்க இத சாப்புடாதீங்க. இதுல மாட்டெலும்புத் தூள் கலந்துகீது."

கிண்ணம் கீழே விழுந்தது. சின்னம்மாள் போட்ட சத்தத்தில் பந்தியே எழுந்துவிட்டது.

குணசேகரன் ஓடிவந்தார். "நம்ம கடைல கடல்பாசிதாங்க. இவதான் இன்னாத்தையோ கலந்துட்டாப் போல."

"பொய்யிங்க! ஜெலட்டின் பாக்கெட்டு கடைலயே கீது, வந்து பாருங்க."

யாரும் வரவில்லை.

"எலும்பு பொறுக்கறவன் பொண்ண சமையலுக்கு வெச்சா வேற இன்னா ஆவும்?" என்றார் ஆதிகேசவன். குணசேகரன் அங்கேயே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

மறுநாள் வேடியப்பன் ஆதிகேசவன் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "புத்தியில்லாம செஞ்சிட்டா, மன்னிச்சிருங்க" என்றார். தெருமுனையில் நின்ற அனுசுயாவுக்கு அது கேட்டது.

"நான் இன்னா தப்பு செஞ்சேன் நைனா?" என்று வழியில் மறித்தாள்.

"நீ செய்யலம்மா. அவுங்க நெலத்துலதான உங்கம்மா வேலைக்குப் போறா?"

அடுத்த வாரம் வேலை தேடிச் சென்னைக்கு ரயிலேறினாள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே பையை வாங்கிக்கொண்டாள்.