எட்டுத் தகடுகள்

முட்டைத் தட்டு ஒன்றை நீங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள்? நான் என்ஜின் தகடுகளை அடுக்கி வைத்தேன். முப்பது குழி, எட்டு வால்வுக்கு எட்டுக் குழி போதும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் நம்பர், எதை எங்கிருந்து கழற்றினாயோ அதை அங்கேயே போடு என்று போன் வீடியோவில் அந்த வெள்ளைக்காரன் சொன்னான், ஆனால் அவன் வீட்டில் இறந்தவருக்காக ஓதிச் சாப்பாடு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தம் நடந்திருக்காது... இங்கே நடந்தது. நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு, முட்டை வாங்கத் தட்டு வேண்டும், யாரோ ஒரு நல்ல மனிதர் ஷெட்டுக்குள் என் தட்டைக் கண்டிருக்கிறார், எட்டுத் தகட்டையும் ஒரு கோப்பையில் கொட்டியிருக்கிறார், அதோடு விட்டாரா, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் கோபிக்க முடியுமா? அன்று ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்ட சஹனில், நல்ல இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டவர் அவராகக்கூட இருக்கலாம்.

அது போன கதை, இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி, கார் பொனட்டுக்குள் தலையை விட்டபடி நிற்கிறேன், இன்று மஃரிப் தொழுகையோடு வீட்டுக்கார றிப்தா அக்காவின் இத்தா முடிகிறது. கணவர் இறந்து நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். நாளைக் காலை அவருடைய அண்ணன் றவூப் நானா லொறியோடு வருவார். கார் ஸ்டார்ட் ஆனால் கார் இங்கே நிற்கும், அக்கா குண்டசாலையில் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவார். ஆகாவிட்டால் கார் பழைய இரும்புக்கு, அக்கா வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு. லைசன்ஸ் எடுத்து எட்டு வருடம், கணவர் மஹ்ரூப் நானா இருந்தவரைக்கும் ஸ்டியரிங்கைக் கையில் கொடுக்கவில்லையாம். நான் இந்த மடவளை வீட்டின் பின்னறைக்கு வாடகைக்கு வந்த இரண்டாம் கிழமையே அவர் மௌத்தாகிவிட்டார், அவருடைய காரில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடிய டீசல் என்ஜின், புகை அடித்து, எண்ணெய் குடித்து, கடைசியில் அவர் கையிலேயே ஏற்றத்தில் நின்றுபோயிருந்தது. இரண்டு கராஜ்காரர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். நான் பல்லேகலயில் கார்மென்ட்ஸ் ஸ்டோரில் துணிச் சுருள் எண்ணுகிறவன், ஸ்பேனரை நேராகப் பிடித்ததில்லை, பிறகு ஏன் நான் பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச ஆள் இல்லை, அதுதான் காரணம். மல்லாவியிலிருந்து தங்கச்சி சர்மிளா கிழமைக்கொரு தடவை போன் எடுப்பாள், சாப்பிட்டியா, எப்ப வாறாய், அவ்வளவுதான்... அதற்குப் பிறகு சுவர்.

நான் பார்க்கிறேன் என்றதும் றவூப் நானா சிரித்தார். "ஸ்டோர் கீப்பர்மார் என்ஜின் பிரிச்சா, நாளைக்கி நான் என்ட ஹார்ட்வெயார் கடேல பல்லுப் புடுங்குறன்." எனக்கும் சிரிப்பு வந்தது. பிளொக்கையும் ஹெட்டையும் லேத்துக்குக் கொடுத்து எடுத்தேன், புதிய பிஸ்டன், புதிய ரிங், ரிங்கை ஒருமுறை தலைகீழாகப் போட்டுக் கழற்றினேன், ஒன்றை உடைத்தேன், ஹெட் போல்ட்டை வரிசை பிழைத்து இறுக்கித் திரும்ப இளக்கினேன். இவ்வளவுக்கும் அக்கா குசினி ஜன்னலில் சீலையை இழுத்துவிட்டு அந்தப் பக்கம் இருந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். இத்தாவில் இப்படிப் பேசலாமா என்று ஒருநாள் கேட்டேன். "தேவைக்கிப் பேசலாம் தம்பி. கார் தேவைதானே?" என்றார்.

"தம்பி, சத்தத்தக் காணல்ல. தூங்குறீங்களா?"

"இல்லையக்கா, அளந்துகொண்டு நிக்கிறன்."

"காலைல ஈந்து அளக்கிறீங்க. என்ன, அதுக்கு சட்ட தைக்கப் போறீங்களா?"

வால்வின் தலைக்கும் அதைத் தட்டும் கேமுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும், அந்த இடைவெளிக்குத்தான் அந்தத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிப்பு. கலந்துபோன எட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, மெல்லிய இரும்பு இலையை நுழைத்து நுழைத்துப் பார்க்கிறேன். கேமைக் கழற்று, மாற்று, பூட்டு, திரும்ப அள. ஏழு சரி. மூன்றாவது சிலிண்டரின் புகை போகும் வால்வில் மட்டும் இலை நுழையவில்லை, ஆக மெல்லியது கூட இல்லை, வால்வு முழுசாக மூடாது, மூடாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது, கொஞ்ச நாளில் வால்வும் கருகும். லேத்தில் சீவியதில் வால்வு கொஞ்சம் மேலேறிவிட்டது போல, எட்டில் எதுவும் சரிவராது, இன்னும் மெல்லிய தகடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும், திறந்தாலும் எடுப்பித்துத் தர ஒரு கிழமை என்பான். இன்னும் ஒரு கிழமை... அந்த இடத்தில் என் மனசு கொஞ்சம் சந்தோசப்பட்டது. நான் அதைப் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஒரு கிழமை இல்லையே, நாளைக் காலை லொறி வருகிறது, ஸ்டார்ட் ஆகாவிட்டால் அக்கா போய்விடுவார், ஸ்டார்ட் ஆனாலும் போய்விடுவார், வேலைக்கு, இனி ஜன்னலுக்குப் பின்னால் நின்று என்னோடு பேச அவருக்கு என்ன தேவை? இரண்டிலும் எனக்கு ஒன்றும் இல்லை, பிறகென்ன, பூட்டு. பூட்டினேன்.

டீசல் பைப்புகளின் நட்டை இளக்கிக் காற்றை எடுத்தேன், கையெல்லாம் டீசல், என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டு மனசுக்குள் இருபது எண்ணினேன், சாவியைத் திருப்பினேன். சுற்றியது, சுற்றியது, ஒன்றுமில்லை. இரண்டாம் முறை ஒரு இருமல். பற்றரி எத்தனை தடவைக்குத் தாங்கும், என்னத்தை மறந்தேன், ஒன்றுமில்லை, திரும்ப ஹீட்டர், திரும்ப எண்ணு... மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை, மட்கார்ட் நடுங்கியது, கோப்பையில் கிடந்த நட்டெல்லாம் ஆடியது, நான் செய்த என்ஜின், ஓடுகிறது, நான் செய்தது! ஆனால் நொண்டுகிறது. டக் டக் டக் என்று போய் ஒரு இடத்தில் விழுந்து எழும்புகிறது. றவூப் நானாவுக்கு விளங்காது, அவருக்கு ஓடினால் ஓடுவது. நான் ஒன்றும் சொல்லாமல் விட்டால்...

ஜன்னல் சீலை அசைந்தது.

"ஓடுது" என்று கத்தினேன்.

சீலைக்குப் பின்னால் நிழல் தலையைச் சாய்த்தது. அழுகிறாரோ? நான் சாவியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, "தம்பி, மூணுதான் பேசுது. ஒண்டு ஊமை" என்றார். இருபத்தாறு வருடம் பக்கத்துச் சீட்டில் இருந்த காது. பொய் சொல்ல இடமில்லை.

"ஓமக்கா. மூண்டாவது. தகடு தடிப்பு. அப்பிடியே ஓடினா வால்வு கருகிப்போம்."

"எத்தன நாளைக்கி ஓடும்?"

"தெரியேல்ல. ஒரு மாசம் ஓடும். ரெண்டு நாளில நிண்டாலும் நிக்கும்."

"குண்டசாலைக்கிப் போய் வருமா?"

"போய் வரும். ஏத்தத்தில கஷ்டப்படும்."

"நானும் கஷ்டப்படுவன்தானே, ரெண்டு பேரும் சேந்து ஏறுறம். நானாக்கிட்ட ஒண்டும் செல்லாதீங்க. தகட்ட எடுப்பிங்க, வந்த பொறகு போடுவம்."

போடுவம் என்றார். யார் போடுவது, நானும் அவருமா, ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா, அல்லது சும்மா வாய்க்கு வந்த சொல்லா... என்ஜினை நிற்பாட்டினேன். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் ஸ்பேனர்களைத் துடைத்து அளவுப்படி அடுக்கினேன், ஸ்டோர் புத்தி.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு றிப்தா அக்கா காரை எடுத்துக்கொண்டு போனார். கேற்றடியில் ஒருமுறை நின்றது, திரும்ப ஸ்டார்ட் பண்ணினார். ஏழரைக்கு றவூப் நானா லொறியோடு வந்து, வெறும் ஷெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததில் வேலைக்குப் போனேன்.